சென்னையில் உழைக்கும் டார்ச் லைட்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஒரு டார்ச் லைட் கீழே விழுந்து உடைவதைவிட, ஈரமும் உப்பும் புகுந்தோ, மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தோ பழுதாவதுதான் அதிகம் என்பது என் கருத்து. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பரில் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என மின்சாரம் இல்லாமல் தவித்த இரவுகளில், அவசரத்துக்கென்று வாங்கி வைத்திருந்த டார்ச்சை எடுத்து அழுத்தியபோது அது எரியாமல் போன வீடுகள் பல. ஆகவே, கனமான உலோக உடலைக் கையில் தூக்கிப் பார்த்து ‘உறுதியானது’ என்று முடிவுகட்டுவது போதாது.

பலரும் செய்யும் தவறு, அட்டையில் அச்சிட்டிருக்கும் லூமென் எண்ணை, அதாவது வெளிச்சத்தின் மொத்த அளவை, நம்பி வாங்குவது. ஒற்றை பேட்டரி போடும் சிறிய டார்ச்சின் அட்டையில் 10,000 லூமென் என்றும், பல மணி நேரம் எரியும் என்றும் சேர்த்துப் போட்டிருந்தால், அது நடக்காத காரியம் என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும். இந்த டார்ச்சுகளில் பரவலாகப் பயன்படும் 18650 என்ற லித்தியம் பேட்டரி 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்டது, நல்ல தயாரிப்பாக இருந்தால் ஏறத்தாழ 3,500 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி), அதாவது 3.5 ஆம்பியர் மணி, கொள்ளளவு இருக்கும். அதை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் பேட்டரியில் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 12.6 வாட் மணி என்று வருகிறது. ஒரு வாட்டுக்கு 120 லூமென் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1,000 லூமென் வெளிச்சம் ஒன்றரை மணி நேரம் நீடிக்கும். 10,000 லூமென் என்றால் பத்து நிமிடம்கூடத் தாங்காது, அதற்குள் உடலும் கையில் பிடிக்க முடியாத அளவு கொதித்துவிடும். நேர்மையான தயாரிப்புகளிலும்கூட, அதிகபட்ச வெளிச்சம் சில நிமிடங்களில் சூடு காரணமாகத் தானாகவே குறைந்துவிடும். எரியும் நேரத்தை அளக்கும் ஆன்சி எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தரநிலை, தொடக்க வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரத்தையே கணக்கில் எடுக்கிறது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். தெருவிளக்கு இல்லாத பாதையில் நடக்க 50 முதல் 100 லூமென் போதும். அந்த அளவில் எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

தூரத்துக்கு அடிக்கும் டார்ச்தான் சிறந்தது என்ற எண்ணமும் சரியல்ல. அதே தரநிலையில், முழுநிலவு வெளிச்சத்தின் அளவான 0.25 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) எட்டும் இடமே ‘எட்டும் தூரம்’ எனப்படுகிறது. அட்டையில் 200 மீட்டர் என்றிருந்தால், அந்தத் தூரத்தில் நிலவொளி அளவுக்குத்தான் பொருள்கள் தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தெருக்களிலோ, வண்டலூரைத் தாண்டிய வயல் வரப்புகளிலோ நடப்பவருக்குத் தேவைப்படுவது காலடியில் அகலமாகப் பரவும் ஒளி. அந்த ஒளியின் நிறமும் முக்கியம். நீலம் கலந்த வெள்ளை ஒளியில் சருகும் மண்ணும் கண்ணாடி விரியனின் பழுப்பு உடலும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்து தெரியக்கூடும். ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் கெல்வின் அளவில் 4,000 முதல் 5,000 வரையிலான, சற்று மஞ்சள் சாயலுள்ள ஒளி பழுப்பு நிறங்களைப் பிரித்துக் காட்டும். மழையிலும் கண்ணை அவ்வளவாகக் கூசச் செய்யாது.

தண்ணீர் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ‘வாட்டர் ப்ரூஃப்’ என்ற சொல்லுக்கு மட்டும் எந்த மதிப்பும் இல்லை. அதன் அருகே, நீரும் தூசியும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்பதைக் குறிக்கும் ஐபி எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவே. ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது. முழங்கால் அளவு வெள்ளத்தில் நடக்கும்போது கை தவறி விழக்கூடிய ஊரில் இதற்குக் குறைந்ததை நான் பரிந்துரைக்க மாட்டேன். தலையை முன்னும் பின்னும் இழுத்து ஒளியைக் குவிக்கும் ஜூம் வகையைப் பொதுவெளிப் பயன்பாட்டுக்குத் தவிர்ப்பது நல்லது. தலையை இழுக்கும்போது உள்ளே இடம் பெருகுவதால் வெளிக்காற்று உறிஞ்சப்படுகிறது. ஐப்பசி மழைக்காலத்தில் அந்தக் காற்றோடு ஈரமும் சேர்ந்து போய் லென்ஸின் உட்புறம் பனி படர்ந்ததுபோல் மங்கிவிடும், நாளடைவில் தொடுமுனைகளில் பச்சையாகக் களிம்பும் ஏறும்.

ஐபி சோதனை நன்னீரில் நடப்பது. கடல்நீரைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. பெசன்ட் நகரிலோ கோவளத்திலோ கடற்கரையில் பயன்படுத்தினால், அன்றிரவே நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து உலர வைத்து, மரையில் இருக்கும் ரப்பர் வளையத்துக்குக் கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவ வேண்டும். இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: ஜனவரி முதல் ஏப்ரல் வரை இக்கரைகளுக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் வெள்ளை ஒளியைக் கண்டு மிரளும், குஞ்சுகளோ கடலை விட்டுவிட்டு ஒளி வரும் திசைக்குத் திரும்பிவிடும். அந்த மாதங்களில் இரவு மணலில் டார்ச் அடிக்காதீர்கள்.

பேட்டரியைப் பொறுத்தவரை, சுவரில் செருகிச் சார்ஜ் செய்யும் மலிவான பிளாஸ்டிக் டார்ச்சுகள் பலவற்றில் இருப்பது லெட்-ஆசிட் பேட்டரி. அது தீர்ந்த நிலையில் கிடந்தால் உள்ளிருக்கும் தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு சார்ஜ் ஏறாது. புயல் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைப்பவருக்கு இது ஏற்றதல்ல. சாதாரண பேட்டரிக் கட்டைகளை உள்ளேயே போட்டு வைத்தால் அவை கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும் என்பதால், தனியே எடுத்து வைக்க வேண்டும். 18650 மேல் 9,900 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் அது போலி. அந்த அளவில் அவ்வளவு கொள்ளளவு கிடையாது. ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். லித்தியம் பேட்டரியை மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுச் செல்வதும் ஆபத்து.

ரிச்சி தெருவிலோ வேறு எங்கோ வாங்கும்போது, கடையிலேயே பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். மரை கரகரவென்று உரசாமல் சுழல வேண்டும். ரப்பர் வளையம் முறுக்கின்றி உட்கார்ந்திருக்க வேண்டும். மூடியைக் கால் சுற்று தளர்த்தியதும் விளக்கு அணைகிறதா என்று சோதியுங்கள். அணைந்தால், பைக்குள் சுவிட்ச் தானாக அழுந்தி பேட்டரி தீர்வதைத் தடுக்க அதுவே வழி. டைப்-சி துளை உள்ள டார்ச் என்றால், இருபுறமும் டைப்-சி முனை கொண்ட கேபிளிலும் சார்ஜ் ஏறுகிறதா என்று அங்கேயே செருகிப் பார்த்துவிடுங்கள். உள்ளே வைக்க வேண்டிய சிறு மின்தடைகளை விட்டுவிடும் மலிவுத் தயாரிப்புகள், அப்படிப்பட்ட கேபிளில் சார்ஜ் ஆகாது, ஒரு முனை பழைய அகலமான யுஎஸ்பி வடிவில் உள்ள கேபிளில்தான் ஆகும்.