அயல்மொழிப் பட்டத்திலிருந்து முதுகலைக்கு: இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டியவை

பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் என ஒரு மொழியை முதன்மைப் பாடமாக எடுத்தவர்களில் பலர் பட்டப்படிப்பு முழுக்கப் பேச்சையே மெருகேற்றிக்கொண்டிருப்பார்கள். முதுகலைச் சேர்க்கைக் குழு பார்ப்பது வேறு. அந்த மொழியில் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து, அதை ஏற்றோ மறுத்தோ பத்துப் பக்கம் எழுத இவரால் முடியுமா என்றே அது பார்க்கும்.

முதலில் கிளையை முடிவுசெய்யுங்கள். இலக்கியம், மொழியியல், மொழிபெயர்ப்பு, மொழி கற்பித்தல் எல்லாம் ஒரே துறையின் கீழ் இருந்தாலும் எதிர்பார்ப்புகள் ஒன்றல்ல. மொழியியலுக்கு ஒலியியலும் தொடரியலும் அடிப்படை. புள்ளியியலில் ஒரு தாள் படித்திருந்தால் கைகொடுக்கும். மொழிபெயர்ப்புப் படிப்புகள் பல நுழைவுத் தேர்வு வைக்கின்றன. அதில் தாய்மொழி நடையும் சோதிக்கப்படும். அயல்மொழியையே தீட்டி, தாய்மொழியில் எழுதுவதை விட்டவர்கள் சறுக்குவது இங்கேதான். இடைக்கால ஐரோப்பிய இலக்கியத்துக்கு லத்தீன் வேண்டும். செவ்வியல் சீனமோ செவ்வியல் ஜப்பானியமோ தேவைப்படும் துறைகளும் உண்டு. இவற்றை முதுகலையில் சேர்ந்தபின் தொடங்கினால் ஆய்வுக்கான நேரம் இலக்கணத்திலேயே கரைந்துவிடும்.

இரண்டாம் ஆண்டிலிருந்து வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரை படியுங்கள். நாவல் மட்டும் போதாது. ஆய்வு உரைநடையின் சொற்களும் வாக்கிய அமைப்பும் தனி. ஆசிரியரின் வாதம் எது, சான்று எது, எங்கே பலவீனம் என்பதை 200 சொற்களில் அதே மொழியில் எழுதிவையுங்கள்.

தகுதித் தேர்வைத் திட்டமிட்டு எழுதுங்கள். ஐரோப்பிய மொழிகளுக்கு, ஏ1 முதல் சி2 வரை செல்லும் ஆறு நிலை அளவுகோலில் பி2 அல்லது சி1 நிலையைக் கேட்பது வழக்கம். ஜெர்மன் மொழிக்கான டெஸ்ட்டாஃப் தேர்வில் நான்கு பகுதியிலும் டிடிஎன் 4 (அதன் மூன்று தேர்ச்சி நிலைகளில் நடுநிலை) இருந்தால் ஜெர்மனியில் பொதுவாக மொழித் தகுதி நிறைவேறும். பிரெஞ்சின் டால்ஃப் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. கொரியத்தின் டோபிக் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளே செல்லும், ஆகவே அதைச் சீக்கிரமே எழுதிவைப்பது வீண். ஜப்பானியத்தின் ஜேஎல்பிடி தேர்வில் பேச்சும் இல்லை, கட்டுரை எழுதுவதும் இல்லை. அதன் உச்ச நிலையான என்1 வைத்திருப்பவரும் எழுதும் திறனை வேறு வழியில்தான் காட்ட வேண்டும்.

அந்த வழி, விண்ணப்பத்தோடு வைக்கும் எழுத்து மாதிரி. என் கணிப்பில் சேர்க்கையை மதிப்பெண் பட்டியலைவிட இதுதான் தீர்மானிக்கிறது. கடைசி ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் எழுதிய நல்ல பருவக் கட்டுரை ஒன்றை எடுத்து, 15 முதல் 20 பக்கத்துக்கு வளர்த்தெடுங்கள். எந்த மொழியில், எத்தனை பக்கம் என்பதைத் துறையின் அறிவிப்பில் பார்த்து உறுதிசெய்யுங்கள். பெரும்பாலான கட்டுரைகள் கெடுவது ஒரே இடத்தில்: முதல் நான்கு பக்கம் ஆசிரியர் வாழ்க்கையும் கதைச்சுருக்கமும். அவற்றை வெட்டுங்கள். முதல் பக்கத்திலேயே கேள்வி வரட்டும், இரண்டாம் பக்கத்தில் பிறர் சொன்னது, அடுத்து உங்கள் வாசிப்பு. மேற்கோளை மூலமொழியிலேயே தாருங்கள்; மொழிபெயர்ப்பை வைத்து வாதிட்டால், மூலத்தைப் படிக்கவில்லையோ என்ற ஐயம் எழும். விண்ணப்பக் கெடுவுக்கு நான்கு மாதம் முன்பே ஒரு பேராசிரியரிடம் கொடுத்தால்தான் திருத்தி எழுத நேரம் இருக்கும்.

பரிந்துரைக் கடிதம் இரண்டு அல்லது மூன்று கேட்பார்கள். முதலாண்டில் இலக்கணம் நடத்தியவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் உங்கள் ஆய்வுத் திறனைப் பற்றி எழுத அவரிடம் செய்தி குறைவு. நீண்ட கட்டுரை எழுத வைத்தவரைக் கேளுங்கள். ஆறு வாரமாவது அவகாசம் கொடுத்து, அவரிடம் எழுதிய கட்டுரை, நோக்க அறிக்கையின் (எதை ஆய்வுசெய்யப் போகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் விளக்கும் அறிக்கை) வரைவு, கெடு தேதிகள் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

நோக்க அறிக்கையைச் சிறுவயது மொழி ஆசையிலிருந்து தொடங்காதீர்கள். அப்படித் தொடங்குபவர்கள் ஏராளம். எந்தக் கேள்வி, எந்த நூல்கள், அந்தத் துறையில் யாருடைய ஆய்வோடு அது சேரும் என்பதே போதும்.

அமெரிக்கத் துறைகள் பலவற்றில் முதுகலை மாணவருக்கான நிதி, தொடக்கநிலை மொழி வகுப்பு நடத்தும் பொறுப்போடு வருகிறது. ஜூனியர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அனுபவம் இருந்தால் என்ன பாடம், எத்தனை மணி நேரம் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். பேச்சுப் பதிவு கேட்கும் இடங்களுக்கு எழுதிவைத்ததை ஒப்பிக்காதீர்கள், கேட்டவுடன் தெரிந்துவிடும். நாலைந்து குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.