விலைப்பட்டியலின் கடைசி வரி: மதர்போர்டு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு கடைக்குப் போய், வீட்டில் நாமே பூட்டப்போகும் கணினிக்கு விலைப்பட்டியல் கேட்டால் ப்ராசசருக்கு முழுப் பெயர் எழுதித் தருவார்கள். கிராபிக்ஸ் கார்டுக்கும் அப்படியே. எல்லா பாகங்களும் பூட்டப்படும் பெரிய பலகையான மதர்போர்டு என்ற இடத்தில் மட்டும் 'பி760' அல்லது 'எச்610' என்று ஒற்றைச் சொல் இருக்கும். வாங்குகிறவரும் அதற்கு மேல் கேட்பதில்லை. ரேமையோ எஸ்எஸ்டியையோ பிறகு பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். மதர்போர்டை மாற்றுவதென்றால் கணினியையே முழுதாகப் பிரிக்க வேண்டும். ஆகவே அந்த ஒரு வரியில் போர்டின் முழு மாடல் பெயரை எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பழக்கத்தால் நின்றுவிடும்.

பி760 என்பது சிப்செட்டின் (போர்டிலுள்ள இணைப்புகளை நிர்வகிக்கும் சில்லின்) பெயர், போர்டின் பெயர் அல்ல. ஆசுஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் ஆகிய ஒவ்வொரு நிறுவனமும் அதே சிப்செட்டை வைத்துப் பல மாடல்களை விற்கிறது. ஒன்றில் ரேம் ஸ்லாட் இரண்டு, இன்னொன்றில் நான்கு. ஒன்று டிடிஆர்4 ரேம் ஏற்கும், மற்றது டிடிஆர்5 மட்டும். சில மாடல்களில் பெயரின் கடைசியில் வரும் 'டி4' என்ற ஒட்டு மட்டுமே இந்த வேறுபாட்டைக் காட்டும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள்தான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும் என்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று இறங்காது. அழுத்திப் பார்த்தால் ஸ்லாட்தான் உடையும். பழைய கணினியிலிருந்து நல்ல டிடிஆர்4 ரேம் கையில் இருந்தால் அதை ஏற்கும் போர்டைத் தேடுவதில் நியாயம் உண்டு. எல்லாமே புதிது என்றால் டிடிஆர்5 பக்கம் போவதே என் பரிந்துரை.

ப்ராசசரைத் தீர்மானித்த பிறகே போர்டு. இந்த வரிசையை மாற்றுவதால் வரும் தொல்லை அதிகம். இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ 1700 என்ற சாக்கெட்டில் (போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) அமர்கின்றன. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851 வேண்டும். ஏஎம்டியில் ரைசன் 5000 வரையிலானவை ஏஎம்4. 7000, 9000 வரிசைகள் 2022இல் வந்த ஏஎம்5. இந்த ஏஎம்5 சாக்கெட்டை 2027க்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. ஒரு கணினியை வாங்கி, பிள்ளைகள் பள்ளி முடித்துக் கல்லூரியும் முடிக்கும் வரை ஓட்டும் குடும்பத்துக்கு இது பெரிய செய்தி. நான்கு ஆண்டு கழித்துப் போர்டை விட்டுவிட்டு ப்ராசசரை மட்டும் மாற்ற வழி இருக்கிறது.

சாக்கெட் பொருந்தினால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. பி660 போர்டில் 13ஆம் தலைமுறை ப்ராசசரும், பி650 போர்டில் ரைசன் 9000 வரிசையும் அமரும். ஆனால் போர்டின் பயாஸ் (கணினியை எழுப்பும் உள்மென்பொருள்) பழையதாக இருந்தால் திரையில் ஒன்றும் வராது. போர்டு பழுது என்று முடிவுகட்டி மனம் உடைந்துபோவார்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான சிபியு (ப்ராசசர்) பட்டியல் இருக்கும். எந்த பயாஸ் பதிப்பிலிருந்து எந்த ப்ராசசர் வேலை செய்யும் என்று அதில் வரிக்கு வரி காணலாம். பயாஸ் ஃப்ளாஷ்பேக் வசதியுள்ள போர்டுகளில் ப்ராசசர் இல்லாமலேயே பென் டிரைவ் மூலம் பயாஸை மாற்றலாம். அந்த வசதி இல்லையென்றால் கடையிலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். வீட்டில் செய்வதானால் யுபிஎஸ் இல்லாமல் தொடவே கூடாது. பாதியில் மின்சாரம் போனால் போர்டு எழாமலே போகக்கூடும். காற்றும் மழையும் சேரும் மாதங்களில் நம் ஊர்களில் மின்சாரம் எந்த நிமிடத்தில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

13, 14ஆம் தலைமுறை இன்டெல் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சொல். அவற்றில் சில டெஸ்க்டாப் ப்ராசசர்கள் மிகை மின்னழுத்தத்தால் நிலைகுலைவதை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டது. அதற்கு முன்பு தயாராகிக் கடையில் கிடந்த போர்டு உங்கள் கைக்கு வந்தால், முதல் வேலையாகப் புதிய பயாஸை ஏற்றுங்கள்.

பணத்தை எங்கே வைப்பது என்பதில் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். 'கே' எழுத்து இல்லாத இன்டெல் ப்ராசசருக்கு இசட்790 போர்டு வாங்கினால், ஓவர்கிளாக் (நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது) செய்ய முடியாத ஒன்றுக்காக ஓவர்கிளாக் வசதிக்குக் காசு கொடுக்கிறோம். இதைவிட அதிகம் நடப்பது எதிர்த்திசையில்: விலை உயர்ந்த ப்ராசசர், மிச்சப் பணத்தில் மலிவான ஓர் எச்610 போர்டு. கோர் ஐ5-12400, கோர் ஐ7-13700 இரண்டின் மீதும் அடிப்படை மின் அளவு 65 வாட் என்றே இருக்கும். முழு வேகத்தில் ஓடும்போது முதலாவது 117 வாட் வரை போகும். இரண்டாவது 219 வாட் வரை. அந்த மின்சாரத்தைச் சீராக்கி ப்ராசசருக்குக் கொடுப்பது சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம் பகுதி. அதன் மேல் வெப்பம் தணிக்கும் உலோகத் தகடே இல்லாத மலிவுப் போர்டில் 219 வாட் ப்ராசசரை வைத்தால், சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஐ7க்குக் கொடுத்த பணத்தில் பாதி வீண். வைகாசி வெக்கையில் ஏசி இல்லாத அறையில் இது இன்னும் சீக்கிரம் தெரியும்.

'எஃப்' என்ற எழுத்தையும் கவனியுங்கள். ஐ5-12400எஃப், ரைசன் 5 7500எஃப் போன்றவற்றில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் அதில் படம் வராது. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கியே தீர வேண்டும்.

மலிவு என்று பெயர் தெரியாத நிறுவனங்களின் எச்61, எச்81 போர்டுகளைப் பழைய ப்ராசசரோடு சேர்த்து விற்கிறார்கள். அட்டைப்பெட்டி புதிது, சிப்செட்டுகளோ 2011, 2013 காலத்தவை. விண்டோஸ் 11க்கு இன்டெலில் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. கடன் வாங்கிப் பிள்ளைக்குக் கணினி எடுக்கும் பெற்றோரிடம் இதைப் புதுக் கணினி என்று விற்பது எனக்குப் பொறுக்கவில்லை. பணம் குறைவு என்றால், பயன்படுத்திய 10ஆம் தலைமுறைப் போர்டும் ப்ராசசரும் நம்பிக்கையான இடத்தில் கிடைத்தால் அதுவே இதைவிட மேல்.

நான்கு ரேம் ஸ்லாட் இருந்தால் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு டிடிஆர்4 காலத்தில் சரி. டிடிஆர்5இல் அப்படியல்ல. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ரேம் போட்டால் 5200. நான்கு போட்டால் 3600. எனவே 16 ஜிபி ரேம் இரண்டை முதலிலேயே வாங்குவது புத்திசாலித்தனம். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் அவற்றை ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுவதே பெரும்பாலான போர்டுகளில் முறை. கையேட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் குறைந்தது இரண்டு இருக்கட்டும். சில போர்டுகளில் ஓர் எம்.2 நிரம்பினால் ஒரு சாட்டா துளை (கேபிள் வழியாக டிஸ்க் இணைக்கும் இடம்) செயலிழக்கும். இதுவும் கையேட்டில் இருக்கும். கேபினட்டில் எந்த அளவுப் போர்டு பொருந்தும் என்பதைப் பார்க்க மறக்காதீர்கள்: ஏடிஎக்ஸ் 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244.

இனி நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய விஷயம். தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் இடம் இது. சித்திரை, ஐப்பசி மாதங்களில் பிற்பகல் இடி கேட்காத வாரம் குறைவு. பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் லேன் கேபிளை மறந்துவிடுகிறார்கள். ஃபைபர் இணைய இணைப்பு என்பது கண்ணாடி இழை. அதில் மின்சாரம் வராது. ஆனால் ரௌட்டருக்கு மின்சாரம் தரும் அடாப்டர் வழியாகவும், ரௌட்டரிலிருந்து கணினிக்கு வரும் செம்பு லேன் கேபிள் வழியாகவும் மின்னெழுச்சி வந்து போர்டின் லேன் பகுதியை எரித்துவிடும். சில வேளை போர்டு முழுவதும் போகும். கம்பத்திலிருந்தே செம்புக் கேபிள் வீட்டுக்குள் வந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இதனால்தான் நம் ஊருக்கு வைஃபை உள்ள போர்டை வாங்குங்கள் என்கிறேன். விலை கொஞ்சம் கூடும். ஆனால் ரௌட்டருக்கும் கணினிக்கும் இடையில் கம்பியே இருக்காது. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதென்றால் பெரும்பாலும் எர்த் சரியில்லை. போர்டு வாங்கும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்யுங்கள்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இன்னொரு பகை. இணைப்பு முனைகளில் பச்சை பூத்த போர்டைக் காட்டினால் அரிப்பு என்று சொல்லி வாரண்டியை மறுத்துவிடுவார்கள். கடலைப் பார்த்த ஜன்னலோரம் கணினியை வைக்காதீர்கள். வாரக்கணக்கில் அணைத்தே போடாமல் அவ்வப்போது ஓட்டுங்கள். அந்தச் சூடு உள்ளே ஈரம் தங்க விடாது.

வாங்கும் இடம் நாகர்கோவிலா, திருவனந்தபுரமா, ஆன்லைனா என்பது உங்கள் விருப்பம். ஜிஎஸ்டி பில்லில் போர்டின் சீரியல் எண் எழுதியிருக்க வேண்டும். பழுதானால் எந்த ஊர் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவார்கள், யார் அனுப்புவார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். இப்போதைய இன்டெல் போர்டுகளிலும் ஏஎம்5 போர்டுகளிலும் பின்கள் சாக்கெட்டில்தான் இருக்கின்றன. கடையிலேயே மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்து, வளைந்த பின் ஏதும் உண்டா என்று பார்த்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பின் வளைந்திருந்தாலும் வாரண்டி கிடைப்பது கடினம். ப்ராசசரைப் பூட்டியபின் கழன்று வரும் அந்தப் பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போடாதீர்கள். பில்லோடு பெட்டிக்குள் வைத்திருங்கள். போர்டைச் சர்வீஸுக்கு அனுப்பும்போது அது சாக்கெட்டின் மேல் இருந்தாக வேண்டும்.