மந்திரவாதியின் கையைக் கட்டாமல் வாள்வீரனை நிமிர்த்துவது எப்படி

பகடை உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில், மந்திரவாதியே எல்லாவற்றையும் முடித்துவிட, வாள்வீரனாக ஆடுகிறவர் தன் முறை வரும்வரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டருக்கு முதலில் தோன்றுவது மந்திரங்களின் வலிமையைக் குறைப்பதுதான். அதைச் செய்யாதீர்கள். மந்திரவாதியிடம் பிடுங்கியது வாள்வீரனுக்குப் போய்ச் சேராது, இருவருமே சோர்ந்துபோவார்கள்.

டர்பனில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் கூடும் குழுவுக்கு நான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். அக்கா மகள் மந்திரவாதி, தம்பி வாள்வீரன். நாங்கள் ஆடுவது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. கீழே வரும் கணக்கெல்லாம் அதன்படியே.

பாத்திரங்கள் வளர வளர ஏறும் நிலைகளில் முதலில் ஐந்தாம் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். நெருப்பாக வெடிக்கும் ஃபயர்பால் மந்திரத்தின் சேதத்துக்கு எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. இருபது அடி ஆரத்துக்குள் ஐந்து எதிரிகள் நின்று, ஒருவரும் தப்பாவிட்டால் 140. பெரிய வாளேந்திய வீரனின் ஒரு வெட்டு, பலத்துக்கு நான்கு சேர்த்தால், சராசரி 11. ஒரு முறைக்கு இரண்டு வெட்டு, அதே முறையில் இன்னொரு தடவை தாக்கவிடும் ஆக்‌ஷன் சர்ஜ் சேர்த்தால் நான்கு. எல்லாம் பட்டால் 44. ஒற்றை எதிரி என்றால் வாளே முந்துகிறது. எனவே எதிரிகளைக் கும்பலாக நிறுத்தும் பழக்கத்தை விடுங்கள்.

அதைவிடப் பெரிது ஓய்வு. வீரனின் ஆக்‌ஷன் சர்ஜ் ஒரு மணி நேர ஓய்வில் திரும்பிவிடும். மந்திரவாதி தீர்ந்த மந்திரங்களில் கொஞ்சத்தை ஒருமுறை மீட்டுக்கொள்ளலாமே தவிர, மற்றபடி எட்டு மணி நேர ஓய்வு வேண்டும். 2014-இன் வழிகாட்டி நூல் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மோதல்களை எதிர்பார்க்கிறது. ஒரே மோதலோடு படுக்கவிட்டால் மந்திரவாதி இருப்பதையெல்லாம் அதிலேயே கொட்டுவார். தூங்கினால் ஏதாவது கைநழுவ வேண்டும்: ‘விடிந்தால் கைதிகளைக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள்’ என்பது போதும். வாரக்கணக்கில் நடக்கும் பயணக் கதையென்றால், சிறு ஓய்வை எட்டு மணி நேரமாகவும் பெரிய ஓய்வை ஏழு நாளாகவும் மாற்றும் விதி அதே நூலில் இருக்கிறது. தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மந்திரத்தின் விளக்கத்தைக் கடைசி வரிவரை படியுங்கள். பூட்டைத் திறக்கும் நாக் மந்திரம் முந்நூறு அடிக்குக் கேட்கும் சத்தம் எழுப்பும். ஃபயர்பால், யாரும் அணியாத, ஏந்தாத எரியும் பொருள்களைப் பற்றவைக்கும். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாங்கள்; கதைக்கும் கரும்புத் தோட்டத்தையே களமாக்கினேன். இங்கே அறுவடைக்கு முன் கரும்புக்குத் தீ வைப்பதுண்டு; அந்தத் தீயின் வேகம் மேசையில் எல்லாருக்கும் தெரியும். கைதிகள் தோட்டத்தின் நடுவே, தோட்டக் கங்காணியான சர்தாரின் ஆட்கள் சுற்றிலும்.

அக்கா மகள் கேட்ட முதல் கேள்வி, “மாமா, காற்று எந்தப் பக்கம்?” கைதிகள் இருக்கும் பக்கம்தான் என்றேன். ஃபயர்பாலை விட்டுவிட்டுத் தம்பியின் மேல் ஹேஸ்ட் போட்டாள். அவன் இருமடங்கு வேகத்தில் கரும்பு வரிசைகளுக்குள் புகுந்தான். முறைக்கு மூன்று வெட்டு. ஆனால் ஹேஸ்டுக்கு அவளுடைய கவனம் கலையக் கூடாது. அவள்மேல் அடி விழுந்தால், பத்து அல்லது அடியில் பாதி, எது அதிகமோ அதை எட்டும்படி பகடை விழ வேண்டும். தவறினால் மந்திரம் கலைந்து, தம்பி தன் அடுத்த முறை முழுதும் அசையாமல் நிற்பான். ஒருவன் அவளை நோக்கி வில்லை வளைத்ததும் தம்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவளிடம் திரும்பி ஓடினான். அன்று யாரும் கைபேசியைத் தொடவில்லை.

சண்டைக்கு வெளியேதான் வீரனுக்கு அதிக அநியாயம் நடக்கிறது. நாக் போட்டால் பூட்டு திறந்துவிடுகிறது, பகடையே இல்லை. தோளால் கதவை உடைப்பவனை மட்டும் ஏன் உருட்டச் சொல்கிறோம்? அவன் பலத்துக்குட்பட்டதென்றால் உடைந்தது என்று சொல்லிவிடுங்கள். ஆலைக் காவலரான பழைய சிப்பாய், இன்னொரு சிப்பாயிடம் மட்டும் மனம்விட்டுப் பேசட்டும். மாயப் பொருள் கிடைத்தால் முதலில் வீரனுக்கு. நான்கு மணி நேரம் பறக்கவைக்கும் சிறகுக் காலணி அவன் காலில் இருந்தால் மதில்மேல் ஏற மந்திரவாதியிடம் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

2008-இன் நான்காம் பதிப்பு வீரன், மந்திரவாதி என எல்லா வகுப்புக்கும் ஒரே அமைப்பில் ஆற்றல்களைக் கொடுத்துச் சமன்செய்தது. கணக்கு நேரானது, எனக்கோ வாளும் மந்திரமும் ஒரே மாதிரி ஒலித்தன.

பதின்மூன்றாம் நிலையில் மந்திரவாதி, நொடியில் தொலைதூரம் தாவவைக்கும் டெலிபோர்ட்டைக் கற்றுக்கொண்டால் தூரத்தையும் காவலையும் வைத்துப் பின்னிய கதை தளர்ந்துவிடும். பதினொன்றில் வீரனுக்கு வரும் மூன்றாவது வெட்டு அதை ஈடுகட்டாது. அதனால் நாங்கள் பத்தாம் நிலையோடு கதையை முடித்துவிட்டுப் புதிய ஆட்களை எழுதுகிறோம். அடுத்த கதையில் வாள் அக்கா மகளுக்கு.