காட்டைக் காக்கப் போய் எங்கே கோட்டை விடுகிறோம்?

காட்டில் மரம் சாய்கிறது என்று கேள்விப்பட்டதும் முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றும். அடுத்து கலெக்டர் ஆபீசில் ஒரு மனு. அப்புறம் பதிலுக்காகக் காத்திருப்பு. வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடுகிறது.

சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள சிறப்பு மன்றம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். அதற்கான சட்டம் (2010) நாள் கணக்கில் கறாரானது. பிரிவு 14-ன் கீழ் மனு போட, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். வன நிலத்தை வேறு வேலைக்குக் கொடுத்த அரசாணையை எதிர்த்து பிரிவு 16-ன் கீழ் மேல்முறையீடு என்றால் 30 நாள்தான், கூடுதலாக 60 நாள். அதையும் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரமில்லை. கலெக்டரின் பதிலுக்காகக் காத்திருந்த மாதங்களை யாரும் கணக்கில் கழித்துத் தரமாட்டார்கள். ஆகவே மனு போட்ட கையோடு வழக்குக்கான வேலையும் தொடங்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, இடைக்காலத் தடையை வற்புறுத்திக் கேட்காமல் மூல வழக்கை மட்டும் நடத்துவது. மெட்ரோ பணிமனைக்காக மரம் வெட்ட முனைந்த மும்பை ஆரே காலனி விஷயத்தில் 2019 அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அன்று இரவே ரம்பங்கள் இறங்கின. சட்ட மாணவர்களின் கடிதத்தை மனுவாக எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் 7ஆம் தேதி தலையிடுவதற்குள் 2,141 மரங்கள் போய்விட்டன. ஹைதராபாத்தில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய மரங்கள் அடர்ந்த நிலமான கஞ்சா கச்சிபௌலியில் 2025-ல் தொடர் விடுமுறை நாட்களில் இயந்திரங்கள் இறங்கின. ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னபோது சுமார் 100 ஏக்கர் அழிந்திருந்தது. வெட்டுபவருக்கு ஒரு நீண்ட வாரக்கடைசி போதும். தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தால், மேல்முறையீடு செய்யும்வரை தற்போதைய நிலை தொடரட்டும் என்று அந்த நிமிடமே கேட்க உங்கள் வக்கீல் தயாராக இருக்க வேண்டும். மறுநாள் கேட்கலாம் என்பது வேறு வழக்குகளுக்குச் சரி. வெட்டிய மரத்தை எந்த ஆணையாலும் நிமிர்த்த முடியாது.

அடுத்தது, 'அது காப்புக்காடு (அரசு காடு என்று அறிவித்த நிலம்) இல்லையே, பட்டா நிலம்தானே' என்று யாராவது சொன்னதும் திரும்பி வந்துவிடுவது. இந்தச் சட்ட வரலாறு தொடங்கியதே நம் நீலகிரி கூடலூரின் ஜென்ம நிலங்களில் (ஜென்மிகள் என்ற பரம்பரை உரிமையாளர்களின் நிலங்கள்) நடந்த மரவெட்டிலிருந்துதான். கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், நிலம் யாருடையதாக இருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான், 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்றது. 2023-ல் வந்த திருத்தம் இந்த வரம்பைச் சுருக்கியது. அதை எதிர்த்த வழக்கில், மாநிலங்கள் காடுகளைக் கணக்கெடுத்து முடிக்கும்வரை 1996-ன் விளக்கத்தையே பின்பற்ற வேண்டும் என்று 2024 பிப்ரவரி 19 அன்று இடைக்கால ஆணை வந்தது. தமிழ்நாட்டில் இவற்றோடு 1949-ன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும், 1955-ன் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. பட்டா என்ற ஒரு சொல்லுக்குப் பயப்பட வேண்டியதில்லை. சர்வே எண்ணை வைத்து, அந்த நிலம் எந்தச் சட்டத்தின் அறிவிக்கையில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கே கொண்டுபோவதும் வழக்கமான பிழை. அதன் அட்டவணையில் வனப் பாதுகாப்புச் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், பல்லுயிர்ச் சட்டம் உட்பட ஏழு சட்டங்கள்தான். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2006-ன் வன உரிமைச் சட்டமும் அதில் இல்லை. உங்கள் குறை சரணாலயத்துக்குள் நடந்த மீறல் என்றால், அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போவதே பொருத்தம். அதே சமயம், தீர்ப்பாயம் பணக்காரர்களுக்கான இடம் என்று ஒதுங்கவும் வேண்டாம். இழப்பீடு கேட்காத மனுவுக்கு விதிப்படி கட்டணம் 1,000 ரூபாய். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது, நீங்களே வாதாடவும் இடமுண்டு.

தகவல் உரிமை மனுவில் 'ஏன் வெட்டுகிறீர்கள்?' என்று கேட்பவர்களுக்கு உருப்படியாக எதுவும் வராது. காரணத்தைக் கேட்காமல் காகிதத்தைக் கேளுங்கள்: வனக்கோட்டத்தின் செயல்திட்டத்தில் (எங்கே, எவ்வளவு வெட்டலாம் என்ற வனத்துறைத் திட்டம்) அந்தப் பகுதிக்கான பக்கங்கள், வெட்ட எண் குறித்த மரங்களின் பதிவேடு, அனுமதி ஆணை, மரத்தை ஏற்றிச் செல்லக் கொடுத்த போக்குவரத்துச் சீட்டு. கோப்புகளை நேரில் பார்வையிடவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. மேலே சொன்ன கெடு அதற்காக நிற்காது. வன நிலத்தை வேறு வேலைக்குக் கேட்கும் விண்ணப்பங்களைப் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்திலேயே பார்க்கலாம். அங்கே இரண்டாம் கட்ட (இறுதி) அனுமதி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவும் கூடாது. சாலை, மின்தடம் போன்ற திட்டங்களுக்கு முதல் கட்ட அனுமதியோடே மரம் வெட்ட விடுவதுண்டு.

ஆதாரம் தேடி அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போகாதீர்கள். அத்துமீறல் வழக்கு உங்கள் மேல் வரும், பேச்சு அதோடு திசைமாறும். பொதுச் சாலையிலிருந்து தேதியோடு எடுத்த படம், பழைய செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பீடு, இட ஆயத்தொலைவுகள் (ஜி.பி.எஸ். எண்கள்) போதும்.

வெட்டப்படும் ஒவ்வொரு மரத்துக்கும் கொடி பிடிப்பதும் நம் நம்பகத்தன்மையைக் கெடுக்கும். முதுமலையில் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற அந்நிய மரத்தை அகற்றுவது, காட்டுக்கு நல்லது என்பதால்தான். மத்திய அரசு ஏற்ற செயல்திட்டத்தின்படி நடக்கும் வெட்டுக்கும் 1996 ஆணையிலேயே இடமிருக்கிறது. எண்ணிக்கை மீறினார்களா, அந்நிய மரத்தின் பெயரைச் சொல்லி நாட்டு மரமும் போகிறதா என்பதே கேட்க வேண்டியது. சில வேளைகளில் பதில் 'இல்லை' என்று வரும். அப்போது விலகுவதும் சரிதான்.

காட்டுக்குள் வாழும் மக்களைக் கேட்காமல் நகரத்திலிருந்து வழக்குப் போடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. சட்டக் கணக்கிலும் அது நஷ்டம். வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 5 காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே தருகிறது. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டுவது பற்றிய வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. கூடிய பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன. ஆனால் இந்தக் கிராம சபை ஆகஸ்ட் 15 அன்று ஊராட்சி கூட்டும் சபை இல்லை. காட்டுக் குடியிருப்பு அளவில் கூடுவது. பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். வருகைப் பதிவேடு இல்லாத தீர்மானத்தை எதிர்த்தரப்பு வக்கீல் எளிதாகக் கிழித்துவிடுவார்.

தடை கிடைத்ததும் மாலை போட்டுக் கலைந்துவிடுவதுதான் கடைசித் தவறு. ஆணையின் சான்றிட்ட நகலை மாவட்ட வன அலுவலர், வனச்சரகர், காவல் நிலையம் மூவரிடமும் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். லாரி திரும்ப வந்தால், ஆணை தெரியாது என்று அவர்களில் யாரும் சொல்ல முடியாது. பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையாக இருந்தால், சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே அதை நிறைவேற்றச் சொல்லி அங்கேயே நிறைவேற்று மனு போடலாம்.