டிராக்குக்கு முன் பிரேக்

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை கார் பந்தய டிராக்கில் நான்காவது சுற்றிலேயே என் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி கட்டியிருந்தது. பெரிய காலிப்பருக்கு (டிஸ்க்கின் மேல் பிரேக் பேடை அழுத்தும் பாகம்) பணத்தைக் கொட்டும் முன் ஆயிலை மாற்றுங்கள். டாட் 4 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் 155 தாங்கினாலே போதும் என்பதுதான் விதி. எவ்வளவு இறக்கம் பாருங்கள்! டிராக் நாளுக்கு முன் புது ஆயில் ஊற்றி, காற்றை முழுக்க வெளியேற்றுங்கள்.

பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையா? பேட் சூட்டில் பிடியை இழந்திருக்கும். டிராக் பேட் போடுங்கள். அது சூடேறும் வரை நிதானமாக ஓட்டுங்கள். டிஸ்க்கின் தடிமனையும் அளந்து, அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவில்லையா என்று பாருங்கள்.

அப்புறம், பிட்டுக்கு (டிராக் ஓரம் வண்டி நிறுத்தும் இடம்) வந்ததும், பிரேக் சூடாக இருக்கும் என்பதால் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.