ஆள் உட்கார்ந்து போகும் குட்டி ரயில்: பாதை போடுவதிலிருந்து பழைய எஞ்சினை எழுப்புவது வரை

ஷெட்டு மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஒரு பழைய நீராவி எஞ்சின், அதைச் சுற்றி ஆசையோடு ஏழெட்டுப் பேர், பக்கத்தில் கொஞ்சம் காலி நிலம். குட்டி ரயில் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். முதல் ஞாயிற்றுக்கிழமையே எல்லோரும் ஸ்பேனரோடு எஞ்சின் பக்கம் போய்விடுவார்கள், மண்வெட்டியைத் தொட ஆள் இருக்காது. நாங்களும் அப்படித்தான் இறங்கினோம். ஒரு வருடம் கழித்து மிஞ்சியது பிரித்துப் போட்ட எஞ்சினும் புல் மண்டிய நிலமும்தான். அதனால் இப்போது மறுபடி செய்தால் எந்த வரிசையில் செய்வேனோ, அந்த வரிசையில் எழுதுகிறேன்.

சம்பளமில்லாத ஆட்களை வைத்து ரயில் ஓட்ட முடியுமா என்று யாராவது கேட்டால், வேல்ஸில் இருக்கும் டாலிலின் பாதையைச் சொல்லுங்கள். மூடிப்போகவிருந்த அந்தக் குறுகிய ரயில் பாதையை 1951-ல் தன்னார்வலர்கள் கையில் எடுத்தார்கள். இன்றும் ஓடுகிறது.

1. கேஜை முடிவு செய்யுங்கள்

இரண்டு தண்டவாளங்களின் உள்முகங்களுக்கு நடுவே உள்ள தூரம்தான் கேஜ். கையில் எஞ்சின் இருந்தால் கேள்வியே இல்லை, அதன் சக்கரம் சொல்வதுதான் கேஜ். இல்லையென்றால் 5 அங்குலம் (127 மி.மீ.), 7¼ அங்குலம் (184 மி.மீ.) என்ற இரண்டில் ஒன்றுக்குத்தான் பலர் போகிறார்கள். 5 அங்குலப் பாதையைத் தரையிலிருந்து உயர்த்தித் தூண்கள்மேல் போடுவது வழக்கம். பயணிகள் குதிரைமேல் உட்காருவதுபோல இருபுறமும் காலைத் தொங்கவிட்டு உட்காருவார்கள். தரையில் போட்டால் பெட்டி எளிதில் கவிழும். 7¼ அங்குலம் தரையிலேயே ஓடும். புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இதைவிடப் பெரியதில் 15 அங்குலம் பெயர்போனது. ஆர்தர் ஹேவுட் என்ற ஆங்கிலேயப் பிரபு 1874-ல் தன் வீட்டு நிலத்திலேயே இந்த அளவில் பாதை போட்டு, உருப்படியான வேலை வாங்க இதற்குக் கீழே போகக்கூடாது என்றார். 1927-ல் திறந்த ராம்னி, ஹைத், டிம்சர்ச் ரயில் 20 கிலோமீட்டருக்கும் மேல் இதே கேஜில்தான் ஓடுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அது அகலக்கால்.

2. நிலத்தில் நூல் பிடியுங்கள்

ஒரு கட்டு முளைக்குச்சி, நூல்கண்டு, ரசமட்டம், டேப். இது போதும்.

ஏற்றம் 100-க்கு 1 என்ற அளவைத் தாண்டாமல் பாருங்கள், அதாவது 10 மீட்டருக்கு 10 செ.மீ. கண்ணுக்குச் சமதரையாகத் தெரியும், ஆனால் ஒரு டன் ரயிலை அந்த ஏற்றம் 10 கிலோ விசையோடு பின்னால் இழுக்கும். ஏற்றத்தை இரட்டிப்பாக்கினால் இழுப்பும் இரட்டிப்பு. குட்டி எஞ்சினுக்கு அது பெரிய வித்தியாசம்.

வளைவை அளக்க ஒரு எளிய வழி உண்டு. 3 மீட்டர் நூலை வளைவின் உள்பக்கமாக, இரண்டு முனையும் கோட்டைத் தொடுமாறு இழுத்துப் பிடியுங்கள். நூலின் நடுவிலிருந்து கோடு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். 75 மி.மீ. என்றால் வளைவின் ஆரம் 15 மீட்டர். விலகல் கூடினால் வளைவு கூர்மை. இதையே நகர்த்தி நகர்த்தி அளந்துகொண்டு போனால், எங்கே வளைவு ஒழுங்காக இல்லை என்பது தெரிந்துவிடும். எங்கள் முதல் வளைவில் ஒரு இடத்தில் 70, அடுத்த அடியிலேயே 110. நின்று பார்த்தால் அழகான வட்டமாகத்தான் தெரிந்தது.

3. தரையைத் தயார் செய்தல்

மேல்மண்ணை வேரோடு வெட்டி எடுங்கள், திமிசுக்கட்டையால் இறுகத் தட்டுங்கள், மண்ணும் ஜல்லியும் கலக்காமலிருக்க நீர் இறங்கும் துணியை விரியுங்கள், அதன்மேல் ஜல்லி. உடைத்த, முனை கூரான ஜல்லியாக இருக்க வேண்டும். உருண்டைக் கூழாங்கல் ஒன்றையொன்று கவ்வாது, ரயில் போகப்போக நழுவும். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பாதையைக் கெடுப்பதில் ரயிலைவிடத் தண்ணீர்தான் முதலிடம்.

4. பாதையைத் துண்டு துண்டாகக் கட்டுங்கள்

நிலத்தில் குனிந்து ஒவ்வொரு கட்டையாகத் திருகுவது முதுகுக்கு ஆகாத வேலை. மேசைமேல் 3 மீட்டர் துண்டுகளாகக் கட்டி, தூக்கிக்கொண்டுபோய்ப் பொருத்துங்கள்.

அதற்கு ஒரு அச்சுப்பலகை வேண்டும். நேரான கனமான பலகையில் ஸ்லீப்பர் கட்டைகள் உட்காரும் இடங்களில் சிறு தடுப்புகளை அடியுங்கள். நாங்கள் 20 செ.மீ. இடைவெளி வைத்தோம். கட்டைகளை இட்டு, மேலே இரண்டு தண்டவாளத்தையும் வைத்து, நடுவே கேஜ் அளவுக்குச் சரியாக வெட்டிய இரும்புத் துண்டைச் செருகி, அப்புறம்தான் திருகு. அந்தத் துண்டை மூன்று இடத்தில் செருகுங்கள். ஒரே ஒன்றை வைத்துக்கொண்டு நகர்த்திக்கொண்டே போனால் முதலில் திருகிய பக்கம் விலகியிருக்கும். நீளமான எஞ்சின் சிக்காமலிருக்க, வளைவுத் துண்டுகளில் மட்டும் 2, 3 மி.மீ. அகலம் கூட்டுங்கள்.

துண்டுகளை ஃபிஷ்பிளேட் எனும் இணைப்புத் தகட்டால் சேர்க்கும்போது நடுவே இடைவெளி விட மறக்காதீர்கள். 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 3 மீட்டர் இரும்பு கிட்டத்தட்ட 1.5 மி.மீ. நீளும், அலுமினியம் அதைப்போல இரண்டு மடங்கு. இணைப்பு போல்ட் போகும் துளையை முட்டை வடிவில் போட வேண்டும், வட்டமாகப் போட்டால் தண்டவாளத்துக்கு நகர இடமிருக்காது. இடம் விடாமல் இறுக்கினால், வெயில் ஏறியதும் பாதை பாம்புபோல வளைந்து கிடக்கும்.

போட்டு முடித்ததும் ரசமட்டத்தைக் குறுக்கே வைத்தபடி பாதை முழுக்க நடங்கள். ஒரு பக்கம் சீராகத் தாழ்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இங்கே இடது தாழ்வு, ஒரு அடி தள்ளி வலது தாழ்வு என்று முறுக்கிக் கிடந்தால்தான் சக்கரம் ஏறித் தடம் புரளும். தாழ்ந்த இடத்தில் கட்டைக்கு அடியில் ஜல்லியைக் குத்தித் திணித்துத் தூக்குங்கள்.

5. எஞ்சினைப் பிரிக்கும் முன்

இப்போது எஞ்சின் பக்கம் வரலாம். முதலில் எதையும் துடைக்காதீர்கள். ஆமாம், அழுக்கோடு விடுங்கள். எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். ஒவ்வொரு பாகத்திலும் பழைய மெக்கானிக் உளியால் தட்டி வைத்த புள்ளிகளைத் தேடுங்கள். ஒரு புள்ளி இடது, இரண்டு புள்ளி வலது என்பதுபோல ஏதாவது கணக்கு இருக்கும். எங்கள் அணியில் ஒருவர் ஆர்வக்கோளாறில் இணைப்புத் தண்டுகளை எமரித் தாளால் கண்ணாடிபோலத் தேய்த்தார். புள்ளிகள் போயே போய்விட்டன. ஸ்பிரிங் அடியில் இருந்த இரண்டு மெல்லிய பித்தளைத் தகடுகளைக் குப்பை என்று தூக்கிப் போட்டவன் நான்தான். எஞ்சின் சமமாக நிற்பதற்காக யாரோ எப்போதோ அளந்து வைத்தவை அவை. மறுபடி அளந்து செய்ய மூன்று வாரம் பிடித்தது.

பாகம் ஒன்றுக்கு ஒரு பை, பைக்கு ஒரு சீட்டு, போல்ட்டை அது வந்த துளையிலேயே விரலால் திருகி வையுங்கள். பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். ஊடுருவும் எண்ணெய் ஊற்றிவிட்டு ஒரு வாரம் வேறு வேலை பாருங்கள். பழைய பாய்லர்மேல் சுற்றியிருக்கும் வெள்ளை உறை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சுரண்டாமல், நனைந்த துணியால் மூடிவிட்டு, அதற்கான ஆட்களைக் கூப்பிடுங்கள்.

6. பாய்லர்: இங்கே அவசரம் கூடாது

குட்டி எஞ்சின்களில் பாய்லர் பெரும்பாலும் செம்பு, வெள்ளிப் பற்றாசு வைத்தது. வெளியே பளபளப்பாக இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு காட்டும்போது உள்ளே தண்ணீர் சுமார் 166 டிகிரியில் இருக்கும். கொதிநிலையைத் தாண்டியும் நீராகவே அடைபட்டுக் கிடக்கும் அது, விரிசல் விட்ட நொடியில் பாய்ந்து ஆவியாகும்.

அதனால் சோதனை குளிர்ந்த தண்ணீரில். திறப்புகளை அடைத்து, ஒரு குமிழ் காற்றுகூட இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் மெதுவாக அழுத்தம் ஏற்றுங்கள். தண்ணீர் சுருங்குவதேயில்லை என்று சொல்லிவிடலாம். எங்காவது விட்டால் சொட்டும், முள் இறங்கும், அவ்வளவுதான். அதையே காற்றில் செய்தால் வெடிகுண்டு. பிரிட்டனின் மாடல் எஞ்சின் சங்கங்கள் புதிய பாய்லரை ஓட்டும் அழுத்தத்தின் இரண்டு மடங்குக்கும், பழையதை ஒன்றரை மடங்குக்கும் சோதிக்கின்றன. 90-ல் ஓடும் பழைய பாய்லர் என்றால் 135. உங்கள் நாட்டு விதி எதுவோ அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சோதனையைப் பாய்லர் சோதகர்தான் செய்ய வேண்டும். சொந்தப் பாய்லருக்குச் சொந்தமாகச் சான்று எழுதிக்கொள்ளும் ஆட்களோடு சேராதீர்கள்.

பாய்லருக்குத் தண்ணீர் ஏற்ற இரண்டு தனித்தனி வழி இருக்க வேண்டும். ஒன்று இன்ஜெக்டர், மற்றது பம்ப் என்று வைத்துக்கொள்ளலாம். அசையும் பாகமே இல்லாமல், நீராவியின் வேகத்தைக் கொண்டே அதே பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளும் இன்ஜெக்டருக்கு 1858-ல் காப்புரிமை வாங்கியவர் பிரான்ஸின் ஆன்ரி ஜிஃபார். 1852-ல் நீராவி எஞ்சின் பூட்டிய வான்கப்பலில் பறந்தவரும் இதே மனிதர்தான். அவர் கருவிக்கு ஒரு பிடிவாதம் உண்டு, தொட்டித் தண்ணீர் சூடாக இருந்தால் வேலை செய்யாது.

7. முதலில் காற்று, அப்புறம் நெருப்பு

சக்கரங்கள் தரையைத் தொடாமல் எஞ்சினைக் கட்டைமேல் ஏற்றுங்கள். கம்ப்ரெஸர் குழாயை நேரே சிலிண்டருக்குப் போகும் நீராவிக் குழாயில் மாட்டி, 20, 30 பவுண்டில் சுழல விடுங்கள். பாய்லருக்குள் காற்றை விட வேண்டாம். இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை மூச்சு விடும், நான்கும் ஒரே இடைவெளியில் வர வேண்டும். சக் சக் சக்... சக் என்று நொண்டினால் வால்வு நேரம் தப்பியிருக்கிறது.

அது சரியான பிறகு தீ. முதல் நாள் நிதானமாகச் சூடேற்றுங்கள். நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீர் தெரியாதவரை தீக்குச்சி உரசாதீர்கள். தீயறையின் கூரை எப்போதும் தண்ணீருக்கு அடியில் இருந்தாக வேண்டும். அழுத்தம் முழுதாக ஏறியதும், தீயைக் கிளறிவிட்டு, பாதுகாப்பு வால்வுகள் தானாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள். திறந்த பிறகும் அழுத்தம் 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது, அதாவது 90-க்கு 99. தாண்டினால் தீயை இறக்கிவிட்டு வால்வைச் சரிசெய்யுங்கள். சிலிண்டருக்கு ஊற்றும் எண்ணெய் நீராவி எஞ்சினுக்கென்றே விற்கும் கெட்டியான எண்ணெயாக இருக்கட்டும். வண்டிக்கு ஊற்றும் எண்ணெய் அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் நிற்காது.

8. ஆளை ஏற்றும் முன் மூட்டை

ஒரு பெரிய ஆள் 80 கிலோ என்று கணக்கிட்டு, பெட்டிகளில் மணல்மூட்டை ஏற்றி முழுச் சுற்று ஓட்டுங்கள், பத்து முறையாவது. பிரேக் எஞ்சினில் மட்டும் இருந்தால் போதாது, பெட்டிகளிலும் இருக்க வேண்டும். இறக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கடைசிப் பெட்டியில் கார்டு ஒருவர் கட்டாயம். குழந்தைகள் காலை வெளியே நீட்டுவதை ஓட்டுநர் பார்க்க முடியாது.

மாலையில் தீயை இறக்கிவிட்டு, பாய்லரைத் தானாக ஆற விடுங்கள். சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே துடைத்து எண்ணெய் இட்டால் எளிதாக இறங்கும். மறுநாள் காலை ஃபிஷ்பிளேட்டுகளில் நாலைந்து போல்ட் தளர்ந்திருக்கும். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.