பாத மதமதப்பும் பி12 குறைபாடும்: என் அனுபவம்

குடலில் நாட்பட்ட அழற்சி உண்டாக்கும் குரோன் நோய்க்காகச் சிறுகுடலின் கடைசிப் பகுதியை அறுவை சிகிச்சையில் நீக்கியிருந்தார்கள். குடல் அமைதியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓயாத சோர்வு, பாதங்களில் மதமதப்பு.

முதலில் இரும்புச்சத்து மாத்திரை: வயிறு கெட்டதுதான் மிச்சம். வைட்டமின் டி அளவு ஏறியது, மதமதப்பு இறங்கவில்லை. ஃபோலிக் அமிலம் தொடங்கும் யோசனையும் வந்தது. பி12 நிலவரம் தெரியாமல் அதை மட்டும் எடுப்பது ஆபத்து. ரத்தசோகை சரியானதுபோல் காட்டும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

குழப்பியது ரத்த அறிக்கைதான். பி12 இயல்பு எல்லையின் அடிவிளிம்பில், எம்சிவியும் (சிவப்பணுக்களின் சராசரிப் பருமன்) இயல்பு. பி12 குறைந்தால் சிவப்பணு பருக்கும், இரும்பு குறைந்தால் சிறுக்கும். இரண்டும் சேர்ந்தால் சராசரி நடுவில் வந்து நிற்கும். ஆர்டிடபிள்யூ (சிவப்பணுக்களின் பருமன் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்ற அளவு) மட்டும் உயர்ந்திருந்தது. பலர் பார்க்காமல் கடக்கும் வரி அது!

பி12 போதாதபோது ரத்தத்தில் சேரும் மெத்தில்மலோனிக் அமிலத்துக்கான பரிசோதனை விடை சொன்னது: அளவு மிக அதிகம், அதாவது திசுக்களுக்கு பி12 போதவில்லை. சிறுநீரகம் பழுதானாலும் இது உயரும் என்பதால் கிரியாட்டினினும் பார்த்தார்கள். இயல்பு.

பி12 உறிஞ்சப்படுவது நீக்கப்பட்ட அந்தப் பகுதியில்தான். எனவே சாதாரண மல்டிவைட்டமினில் உள்ள சில மைக்ரோகிராம் போதாது. 1000 மைக்ரோகிராம் ஹைட்ராக்சோகோபாலமின் (பி12-இன் ஒரு வடிவம்) தசை ஊசி, நரம்பு அறிகுறி இருந்ததால் ஒருநாள் விட்டு ஒருநாள். முன்னேற்றம் நின்றபின் இரண்டு மாதத்துக்கு ஒன்று, ஆயுள் முழுக்க. இரும்பு ரத்தக்குழாய் வழியாக ஏற்றப்பட்டது. சோர்வு முதலில் விலகியது. பாதம் தெளிய மாதங்கள் ஆயின.

ரத்த மாதிரியை முதல் ஊசிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். போட்டபின் எடுத்தால் எண்கள் மாறிவிடும்.